ஓரப்பார்வை மெம்பர்

எங்கள் வீட்டுக்காரர் சட்டசபையில் இரண்டு தடவை உறுப்பினராக இருந்தார். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெம்பர் என்பார்கள். வயதில் மூத்தவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே ஓரப்பார்வை மெம்பர் என்பார்கள். அந்தப் பட்டத்தை முதலில் வைத்தவர்கள் அவரைத் தோற்கடிக்க நினைத்தவர்கள். கடைசியில் அதுவே அவருக்குச் செல்லப்பெயராகிவிட்டது.

சட்டசபைக்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். அவருடைய அப்பாவும் அங்கேதான். அப்பாவுக்கு முழங்கால் போனதும் மகன் அந்த இடத்துக்குப் போனார். முதலில் கரித்தொட்டி தள்ளினார். அப்புறம் முட்டுக் கொடுக்கிற வேலை, பிறகு அந்தக் குழுவுக்கே தலைவர். கரியை வெட்டி எடுத்த இடத்தில் மேலே கல் தொங்கிக்கொண்டு நிற்கும். அது இறங்கிவிடாமல் கீழே இருந்து மரத்தை நிறுத்திக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் நிறுத்தியபின் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாராம், மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி. "மரத்துக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், "அதுக்குத் தெரியாது, எனக்கு நிம்மதி" என்பார்.

என் அண்ணனும் அதே குழியில் அதே ஷிப்டில் இருந்தார். அவர்தான் ஒரு நாள் இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். கேட்டது என்னை. பார்த்தது மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தை.

அண்ணி சும்மா இருப்பாளா? "குடம் நல்லாத்தான் இருக்கு. அவளும் நல்லா இருக்கா" என்றாள்.

அவர் காது சிவந்துபோய் டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். எனக்கு மனசு சரியில்லை. என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அவர் போனபிறகு அண்ணன்தான் சொன்னார்.

"அட, அவன் மட்டுமா? நானும் அப்படித்தானே பேசுறேன். நீ கவனிச்சதில்லையா? உள்ளே எல்லார் தலையிலயும் விளக்கு இருக்கு. எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியைப் பார்த்துப் பேசினா வெளிச்சம் நேரா அவன் கண்ணுல அடிக்கும். அவனுக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது. அந்த நேரத்துல காலைத் தப்பா வச்சான்னா அவ்வளவுதான். அதனால முகத்தை ஒரு பக்கமா திருப்பிக்கிட்டுத்தான் பேசுவோம். புதுசா வந்தவன் நேரா பார்த்துட்டான்னா திட்டு விழும். அப்புறம் கழுத்து தானா திரும்பிக்கும்."

அதற்கப்புறம்தான் கவனித்தேன். சுரங்கத்தார் கட்டிக்கொடுத்த எங்கள் வரிசை வீடுகளில் இருந்த ஆம்பளைகள் எல்லாரும் அப்படித்தான். இரண்டு பேர் நின்று பேசினால், ஒருவர் கிழக்கே பார்ப்பார், ஒருவர் மேற்கே பார்ப்பார், சிரிப்பு மட்டும் சேர்ந்து வரும். பிறந்ததில் இருந்து பார்த்ததால் எனக்கு அது வித்தியாசமாகவே தெரிந்ததில்லை. இவர் என்னிடம் பேசும்போது மட்டும் எனக்கு ஏன் உறைத்தது என்று கேட்டால், அதை ஆண்டவன்தான் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் அவரைச் செயலாளராகப் போட்டது குளியலறைக்காக. அதுவரை கரியோடுதான் ஆம்பளைகள் வீட்டுக்கு வருவார்கள். படுக்கை, சுவர், குழந்தை கன்னம் எல்லாம் கறுப்பு. குழி வாசலிலேயே வெந்நீரோடு குளியலறை வேண்டும் என்று இவர் மேனேஜரிடம் கேட்டார். அவர் முடியாது என்றார். அதற்காக இவர் சண்டை போடவில்லை. அந்த வாரம் பூராவும் ஷிப்டு முடிந்த ஆட்களோடு மேனேஜர் ஆபீசுக்குப் போய், "ஐயா, ஒரு சின்ன சந்தேகம்" என்று சொல்லி, அங்கே இருந்த வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் எல்லாரையும் உட்கார வைத்தார். மேனேஜர் சம்சாரமே அந்த உறைகளைத் துவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். குளியலறை வந்தது.

ஆனால் அவர் கேட்டு நடக்காத காரியம் ஒன்று இருந்தது. குழிக்கு உள்ளே போக ஒரே வழி, கயிற்றில் தொங்குகிற இரும்புக் கூண்டில் இறங்கி நடக்க வேண்டும். வெளியே வரவும் அதே வழி. அது அடைந்தால் வேறு வாசல் கிடையாது. இன்னொரு வழி தோண்டுங்கள் என்று வருஷா வருஷம் கேட்டார்கள். பழைய சுரங்கத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை என்று பதில் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அந்த வழியில் கல் இறங்கியது. இவரும் அண்ணனும் இன்னும் சிலரும் உள்பக்கம் மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் பெண்கள் எல்லாரும் குழி வாசலில் போய் நின்றோம். அழக்கூட இல்லை. கடவுள் பெயரைச் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்தது. வெளியே இருந்தவர்கள் தோண்டி, மறுநாள் வெளிச்சம் வந்தபிறகு அவர்களை எடுத்தார்கள். ஒருவருக்கும் உயிருக்குச் சேதமில்லை. கடவுள் கைவிடவில்லை. வெளியே வந்த இவர் என்னைப் பார்த்து, அதாவது எனக்குப் பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடிக்கலாம் போலவும் இருந்தது.

அடுத்த வாரமே அதே வழியில் எல்லாரும் மறுபடி இறங்கினார்கள். வேறு பிழைப்பு ஏது?

அந்த வருஷம்தான் தேர்தல் வந்தது. சங்கத்துக்காரர்கள் கூடி இவரை நிற்கச் சொன்னார்கள். "கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. சட்டத்துல எழுதினாத்தான் ரெண்டாவது வழி தோண்டுவாங்க. எழுதுற இடத்துக்கு நம்ம ஆளு ஒருத்தன் போகணும்" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து இவர் என்னிடம் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தோத்துட்டா என்னங்க?"

"லீவு போட்டுத்தான் நிக்கிறேன். தோத்தா அடுத்த நாள் முதல் ஷிப்டு."

"அதே வழியிலயா?"

"வேற வழி இருந்தா நான் ஏன் தேர்தல்ல நிக்கப் போறேன்?"

எனக்கு அரசியல் ஒன்றும் தெரியாது. அதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இவர் ஜெயித்தால் இவர் உள்ளே போக வேண்டாம், அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் இன்னொரு வாசல் கிடைக்கும். தோற்றால் எல்லாரும் பழையபடி அந்தக் கல்லுக்கு அடியில். ஜெயிக்க வை என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எதிரே நிற்கிறவர் வீட்டிலும் ஒரு பெண் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால், "ஆண்டவனே, இவங்களை அங்கே இருந்து எடுத்துவிடு, எப்படி எடுப்பியோ அது உன் பாடு" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

எதிரே நின்றவர் லாரி முதலாளி. நாலு ஊருக்கு லாரி ஓட்டுகிறவர். பார்க்க லட்சணமாக இருப்பார். யாரைப் பார்த்தாலும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள்ளேயே பார்த்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். கேட்கிறவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இவருக்குத் தேர்தல் வேலை பார்த்தவர் டவுனில் இருந்த வாத்தியார் ஒருவர். நல்ல மனுஷர். வரிசை வீடுகளில் ஓட்டுக் கேட்கிற வேலையே இல்லை. எல்லாம் நம் ஓட்டு. டவுனுக்கும் சுற்றியிருந்த விவசாய ஊர்களுக்கும் போனபோதுதான் வினை ஆரம்பித்தது.

சந்தையில் வெங்காயம் விற்கிற ஒரு அம்மா. இவர் போய்க் கும்பிட்டு, ரோடு போடுவது பற்றி, தண்ணீர் பற்றி எல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கேட்டுவிட்டு, "தம்பி, நீ சொல்றதெல்லாம் சரி. ஓட்டு என்கிட்ட கேக்குறியா, அந்தத் தராசுகிட்ட கேக்குறியா?" என்று கேட்டுவிட்டாள். சந்தையே சிரித்தது.

அது அப்படியே பரவியது. முகத்தைப் பார்த்துப் பேசாதவன் மனசில் கள்ளம் இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். கர்வம் பிடித்தவன் என்றார்கள். லாரி முதலாளியின் கூட்டத்தில் ஒருவன் மேடையில் ஏறி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு இவர் மாதிரியே பேசிக் காட்டி, "ஓரப்பார்வைக்காரருக்கா உங்க ஓட்டு?" என்று கேட்டானாம். அன்றையில் இருந்து அந்தப் பெயர்.

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதில் வேடிக்கை, தன் கழுத்து திரும்புவதே இவருக்குத் தெரியாது.

"நான் நேராத்தானே சார் பார்க்கிறேன்?" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"இப்ப யாரைப் பார்க்கிறீங்க?"

"உங்களைத்தான்."

நான் வாத்தியாரிடம் தலைவிளக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "இதை நாம மேடையில விளக்கினா கேலி ரெண்டு மடங்காகும்மா. சால்ஜாப்பு சொல்றான்னு சொல்லுவாங்க. அவரைப் பழக்கிடுவோம்" என்றார்.

பழக்கினார்கள். எதிரே நாற்காலி போட்டு வாத்தியார் உட்கார்ந்து, "என் கண்ணைப் பாருங்க, பேசுங்க" என்பார். இவர் கண்ணைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். பேச்சு வந்தால் கழுத்து திரும்பிவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்தபோது விழி இரண்டும் பிதுங்கிக்கொண்டு, போலீஸ்காரர் திருடனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மறுநாள் ஒரு வீட்டில் அப்படிப் பார்த்து ஓட்டுக் கேட்டதில், இடுப்பில் இருந்த குழந்தை வீறிட்டு அழுது, அந்த வீட்டம்மா கதவைச் சாத்திவிட்டாள். "பழசே தேவலை" என்று வாத்தியார் விட்டுவிட்டார்.

கடைசிக் கூட்டம் சந்தை மைதானத்தில், சாயங்காலம் வெயில் இருக்கும்போதே. டவுன் ஜனங்களுக்கு நம் பலத்தைக் காட்ட வேண்டும் என்று அண்ணன் ஒரு காரியம் செய்தார். ஷிப்டு இல்லாத சுரங்கத்து ஆட்கள் அத்தனை பேரையும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச்சொல்லி, மேடைக்கு முன்னால் வரிசை வரிசையாக உட்கார வைத்தார். பார்க்கப் பெருமையாக இருந்தது. நான் பின்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

இவர் எழுந்து பேச ஆரம்பித்தார். கழுத்து வழக்கம்போல ஒரு பக்கம் திரும்பியது. அவர் பேச்சைக் கேட்கக் கேட்க, முன்னால் இருந்த ஆட்கள் எல்லாருக்கும் உள்ளே வேலை செய்கிற ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ, அத்தனை கழுத்தும் ஒன்றாகத் திரும்பியது. பாதிப் பேர் இடது பக்கம், பாதிப் பேர் வலது பக்கம். மேடையில் இருப்பவரை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவரவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் பின்னால் இருந்து பார்த்த டவுன் ஜனங்களுக்கு எப்படி இருக்கும்?

முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் மைதானம் பூராவும். "கூட வேலை செஞ்சவங்களே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கடா!" என்று ஒருவன் கத்தினான். சிலர் எழுந்து போக ஆரம்பித்தார்கள். முடிந்தது, தோற்ற மறுநாளே இவர் மறுபடி கூண்டில் ஏறி இறங்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். "சொந்த ஆளுங்களே பார்க்க மாட்டேங்குறாங்க. எங்க வீட்டு மாடுகூடக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கும். நமக்கெதுக்கு இந்த ஆளு?" என்றாள். கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, தராசைப் பற்றிக் கேட்டது இந்த அம்மாதான்.

நான் முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்கு என்னை அறியாமல் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க. அவங்க பார்க்காம இருக்கிறது மரியாதைக்கு அக்கா."

"இது என்ன மரியாதை? நான் கேள்விப்படாத மரியாதை!"

"உள்ளே ஒரே இருட்டு. தலையில விளக்கு. நேரா பார்த்தா எதிராளு கண்ணு கூசிடும், கால் தடுக்கிடும். அதனால ஒருத்தருக்கொருத்தர் முகத்தைத் திருப்பிக்கிட்டே பேசிப் பேசி, இப்ப வெளியில வந்தும் கழுத்து கேக்க மாட்டேங்குது. எங்க வீட்ல சாப்பாடு போடும்போதும் அப்படித்தான். சாம்பார் வேணும்னு சுவத்தைப் பார்த்துக் கேப்பாரு."

"உங்க வீட்லயா? நீ யாரும்மா?"

"அதோ பேசுறாரே, அவரு வீட்டுக்காரி."

அந்த அம்மா என்னையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் முன்னால் இருந்த கழுத்துகளைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"ஏம்மா," என்றாள் மெதுவாக. "நான் விடியறதுக்கு முன்னாடி வண்டி தள்ளிக்கிட்டு சந்தைக்கு வர்றவ. எதிர்ல லாரி வரும். விளக்கை அப்படியே கண்ணுல அடிச்சுக்கிட்டு வருவானுங்க. நான் ஒண்ணும் தெரியாம ரோட்டோரம் நின்னுடுவேன். ஒரு தடவை பள்ளத்துல விழுந்து, வெங்காயம் பூரா ரோட்டுல உருண்டுச்சு. இத்தனை வருஷத்துல ஒரு லாரியாவது விளக்கைக் குறைச்சதுண்டா?"

சொல்லி முடிக்கவில்லை, எழுந்துவிட்டாள். சந்தையில் கூவிப் பழகிய தொண்டை. மைக்கே தேவையில்லை.

"யோவ், சிரிச்சது போதும், எல்லாரும் நில்லுங்க! இந்த ஆளுங்க கழுத்தைத் திருப்புறது ஏன்னு தெரியுமா? தலையில விளக்கு வச்சு வேலை செய்யறவங்க. அடுத்தவன் கண்ணு கூசக் கூடாதுன்னு திரும்பிப் பழகினவங்க. லாரிக்காரரு ரெண்டு கையையும் புடிச்சு கண்ணுக்குள்ள பார்க்குறாரே, அவரு லாரி என் கண்ணுல வெளிச்சத்தை அடிச்சுப் பள்ளத்துல தள்ளிட்டுப் போச்சு. இவங்க இல்லாத விளக்குக்குக் கழுத்தைத் திருப்புறாங்க. யாருக்கு எம்மேல அக்கறைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு!"

மைதானம் அடங்கிவிட்டது. சந்தைக்கு விடியக்காலம் வருகிறவர்கள் அங்கே எத்தனை பேர்! பால்காரர், கீரைக்காரி, சைக்கிளில் வருகிறவர்கள் எல்லாரும், "ஆமா, ஆமா, என்னையும்தான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள்.

அந்த அம்மா விடவில்லை. மேடையைப் பார்த்து, "தம்பி! இங்க விளக்கு இல்லப்பா. வெயிலுதான். கூசாது, நல்லா பாரு!" என்றாள். முன்னால் இருந்தவர்களைப் பார்த்து, "நீங்களும்தான், திரும்புங்கடா ராசாக்களா!" என்றாள்.

இவருக்கு அப்போதுதான் நடந்தது விளங்கியது. இவர் சிரித்தார். முன்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மெதுவாக, கூச்சத்தோடு, கழுத்துகள் மேடைப் பக்கம் திரும்பின. கைதட்டல் எழுந்தது. அப்புறம் இவர் பேசியது கொஞ்சம்தான். இரண்டாவது வழி பற்றி மட்டும் சொன்னார். சொல்லும்போது பாதியில் கழுத்து திரும்பிவிட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தார். எண்ணிக்கை முடிந்ததும் அண்ணன் ஓடி வந்து வாசலிலேயே, "தங்கச்சி, மாப்ள இனி கூண்டுல ஏற வேண்டாம்!" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சொல்லிவிட்டுப் போகிற அண்ணனுக்கு அன்றைக்கு ஷிப்டு. பாதி நிம்மதிதான். மீதி இன்னும் உள்ளேயே இருந்தது.

சட்டசபையில் இவர் முதல் தடவை பேசியபோது சபாநாயகர், "உறுப்பினர் என்னைப் பார்த்துப் பேசவும்" என்றாராம். "உங்களைப் பார்த்துத்தான் ஐயா பேசுறேன், கழுத்து மட்டும்தான் வேற பக்கம்" என்று இவர் சொல்லி, இரண்டு பக்கமும் சிரித்திருக்கிறார்கள். சட்டம் லேசில் வரவில்லை. கமிட்டி போட்டார்கள், ஒத்தி வைத்தார்கள். இவர் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு உறுப்பினராகக் கூட்டி வந்து, எங்கள் குழியின் கூண்டில் ஏற்றி, அந்த ஒரே வழியில் நடக்க வைத்தார். நடந்து வெளியே வந்தவர்கள் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. லாரி விளக்குக்கும் ஒரு விதி கொண்டுவந்தார். வெங்காயக்காரம்மா அதைத் தான் போட்ட சட்டம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.

இரண்டாவது வழி தோண்டி முடிக்க வருஷக்கணக்கு ஆனது. குன்றுக்கு அந்தப் பக்கம், முள்ளுப் புதருக்கு நடுவே அதன் வாய். திறக்கிற அன்றைக்கு ஆட்கள் பழைய வழியாக இறங்கி, உள்ளே நடந்து, புது வழியாக ஏறி வர வேண்டும் என்று ஏற்பாடு. இவர் மேலே நின்று கைதட்டுவார் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் பழைய தலைவிளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க இது? இனி இறங்க மாட்டேன்னு சொன்னீங்களே!"

"வேலைக்கு இறங்க மாட்டேன்னுதான் சொன்னேன். இது வேலையா? வெளியே வர்றதுக்குத்தானே உள்ளே போறேன்."

அவரிடம் பேசி யார் ஜெயிக்க முடியும்? நாங்கள் பெண்கள் குன்றின் அந்தப் பக்கம் போய் அந்த வாய்க்கு எதிரே நின்றோம். வெகு நேரம் கழித்து உள்ளே வெளிச்சம் அசைந்தது. ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அண்ணன் வந்தார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறமும் ஆட்கள் வந்தார்கள். இவரைக் காணோம்.

"எங்கண்ணே அவரு?"

"வருவாரு. குழுத் தலைவன் கடைசியாத்தானே வரணும்."

"அவரு இப்ப மெம்பரு, தலைவன் இல்ல!"

"அதை நீ போய் அவர்கிட்ட சொல்லு."

கடைசியில் வந்தார். முழங்கையெல்லாம் மண். செங்குத்தான ஏற்றம். பேச்சு வராமல் ஒரு கல்லில் உட்கார்ந்து இருமினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "படி கொஞ்சம் அகலமா வெட்டியிருக்கலாம்" என்றார்.

"அதுக்கும் சட்டம் போடணுமா மாப்ள?" என்று அண்ணன் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். திட்டுவதற்காகக் காலையில் இருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆண்டவனே, எடுத்துவிட்டாய், உன் பாடு என்று சொன்னேன், நீயும் பட்டுவிட்டாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் மத்தியான ஷிப்டுக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்று, "போய்ட்டு வரேன் தங்கச்சி" என்றார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தேன். அண்ணன் உள்ளே இருக்கும் நேரத்தில் நான் கண்ணை மூடியதே கிடையாது. அன்றைக்கு நன்றாகத் தூங்கிவிட்டேன்.